நீல் தீவுல சூரசம்ஹாரம்

உ
செந்தூரான் கூடவே வரணும்

ஐப்பசி 5, புதன்
போர்ட் பிளேர்

காப்புக் கட்டியாச்சு. கடலத் தாண்டி வந்தும் நம்ம ஆளுக மேட்டு மேல முருகனுக்கு ஒரு கோயில் கட்டி வச்சிருக்காக. குருக்கள் மஞ்சக் கயித்த மணிக்கட்டுல கட்டிவிட்டுட்டு, "எந்த ஊரும்மா?"ன்னாரு. சிவகங்கப் பக்கம்னேன். "நமக்குக் காரைக்குடிப் பக்கந்தான்"னாரு. இதுக்காடா ஏரோப்பிளேன் ஏறி வந்தோம்னு இருந்துச்சு.

இனி ஆறு நாளைக்கு வாயக் கட்டணும், சாப்பாட்டுக்கும் பேச்சுக்கும். சாப்பாட்டப் பத்தி எனக்குக் கவலையில்ல, ராத்திரிக்கு ஒரு டம்ளர் பாலும் வாழப்பழமும் போதும், பசிக்கவே பசிக்காது. பேச்சுதான் கஷ்டம். அதனாலதான் வருசா வருசம் சஷ்டிக்கு இப்பிடி எழுதுறது. பேச வேண்டியத இங்க கொட்டிட்டா வாய் கொஞ்சம் அடங்கிக் கெடக்கும். எட்டாப்புப் படிச்சது இதுக்காவது ஆகுது.

வந்த கதையச் சொல்லணும்ல. எந்தம்பி மக சுபிக்ஷா மதுரைல காலேஜ் கடைசி வருசம் படிக்கிது. கூட்டாளிக ரெண்டு பேரோட தீபாவளி லீவுக்கு அந்தமான் போறேன்னு நின்னுச்சு. தம்பி ஒரே பேச்சாச் சொல்லிட்டான், "அக்கா கூட வந்தாப் போ. இல்லாட்டி பரண்ல கெடக்குற குளோப்பு உருண்டையச் சுத்திப் பாத்துக்க." சுபி எங்கிட்ட வந்து கழுத்தக் கட்டிக்கிருச்சு. டிக்கெட்டும் போட்டாச்சு. ஒருத்தரும் காலண்டரப் பாக்கல. பாத்தா, சஷ்டி ஆறு நாளும் அதுக்குள்ள விழுது.

எத்தனையோ வருசமா சஷ்டின்னா நான் திருச்செந்தூர்ல தான். தம்பி சம்சாரம் பதறிப்போயி, "டிக்கெட்டக் கேன்சல் பண்ணிருவமா மதினி?"ன்னுச்சு. நான் தான், "எதுக்கு? அங்கயும் கடல் இருக்கு, அங்கயும் முருகன் இருக்கான்"னு சொல்லிட்டேன். எல்லாரும் என்னையவே பாத்தாக. எங்க வீட்டுல அவுக மட்டும் எங்க மாவு மில்லத் தொறக்கக் கெளம்பிப் போயிட்டாக.

இந்த விரதம் எதுக்குன்னு ஊருக்கே தெரியும். பிள்ளைக்கு. கல்யாணமான மறு வருசம் புடிச்சது, இப்ப அம்பத்தி நாலு வயசாகுது, இன்னும் விடல. போன வருசம் செந்தூர்ல சூரன் விழுகுற நேரம் நானும் கூட்டத்துல விழுந்துட்டேன். கண்ணு முழிச்சப்ப அவுக மடியில கெடக்கேன். அவுக மணல்ல உக்காந்து பச்சப்பிள்ள மாதிரி அழுகுறாக. "போதும் தெய்வானை. அடுத்த வருசம் முடிச்சிரு. எனக்கு நீ போதும்"னாக. அவுக கையில அடிச்சு சத்தியம் பண்ணிட்டேன்.

முடிக்கிறதுன்னா லேசில்ல. எங்க பொறந்த வீட்டு வழக்கம், சூரசம்ஹாரத்தக் கண்ணால பாக்கணும், கடல்ல முங்கணும், காப்ப அவுத்து முருகன் காலடியில வச்சு, "எனக்கு இம்புட்டுத்தான், இனி கேக்க மாட்டேன்"னு வாய்விட்டுச் சொல்லணும். அதச் சொல்லாட்டி விரதம் நிக்காது. அடுத்த வருசமும் இருந்தாகணும்.

நாளைக்குத் தீவுக்குப் போறோம். பத்தாந்தேதி காலக் கப்பல்ல திரும்பி வந்து, சாயந்தரம் இதே கோயில்ல சூரசம்ஹாரம் பாத்து முடிச்சிருவேன். முடிச்சிரணும்.

ஐப்பசி 6, வியாழன்
நீல் தீவு

கப்பல்ல வர்றப்ப மேல்தட்டுல நின்னேன். கடல் ஒரு நெறமில்ல. மொதல்ல மை ஊத்துன மாதிரி இருந்துச்சு, அப்புறம் மயில் கழுத்து, கரை வர வர எங்க ஊரு சோடாக் கலரு மாதிரிப் பச்ச. மயில் கழுத்து வந்தப்ப என்னயறியாமக் கன்னத்துல போட்டுக்கிட்டேன். பக்கத்துல நின்ன வெள்ளக்காரம்மாவும் என்னமோ ஏதோன்னு கன்னத்துல போட்டுக்கிருச்சு.

தங்குற எடம் மண்டல்னு ஒரு வங்காளத்துக்காரரு வீடு. பின்கட்டுல ஓல வேஞ்ச குடிச நாலு, அதுல ரெண்டு எங்களுக்கு. குடிசையில இருந்து எட்டி நடந்தா கடல். வீட்டச் சுத்திப் பாக்கு மரம். அடுப்படியில எப்பப் பாத்தாலும் மீன் பொரியிது. மூக்கப் பொத்திக்கிட்டுத்தான் போக வர இருக்கேன். மண்டலோட சம்சாரம் பாவம், நான் சாப்பிடாம இருக்கதப் பாத்துட்டு எனக்கு வயித்துவலின்னு நெனச்சு ஓமத்தண்ணி கொண்டாந்து குடுத்துச்சு.

கூட்டாளிகளப் பத்திச் சொல்லலயே. ஒண்ணு ரெஜினா, நாகர்கோயிலு. நல்ல ஒசரம், நல்ல குரலு, சிரிச்சாக் குடிச ஆடும். இன்னொண்ணு தஸ்லீமா, கீழக்கர. தலையில முக்காடு, கண்ணுல கண்ணாடி, இந்தியும் பேசும், அதனால எங்களுக்கு வாயே அதுதான். என்னைய மாமின்னு கூப்புடுது. ரெஜினா ஆன்ட்டிங்குது. "ஆன்ட்டி, கேட்டியளா, நீங்க விரதமிருந்தா நாங்க முன்னால இருந்து தின்ன ஒக்குமா?"ன்னுச்சு. "நீ தின்னு தாயி, நான் முருகனப் பாத்துக்கிட்டு இருக்கேன்"னேன். சத்தியமா அப்பிடியே தின்னுச்சு, நாலு தட்டு.

அவுகளுக்குப் போன் போட்டேன். சிக்னல் இல்ல.

ஐப்பசி 7, வெள்ளி

இன்னைக்கு நடந்தத எப்பிடி எழுதுறதுன்னே தெரியல. நான் கடலுக்குள்ள மொகத்த வச்சுப் பாத்தேன்.

கால விடியவும் கடல்ல குளிச்சேன், விரதத்துக்கு ரெண்டு வேள முங்குறது வழக்கம். நான் கரையேறுறேன், இந்தப் பிள்ளைக மூணும் மண்டலோட எறங்குதுக. கண்ணுக்குப் பெரிய கண்ணாடி, வாயில வளஞ்ச குழாய், காலுல தாராக் காலு மாதிரி ரப்பரு. "அயித்தே, வாங்க"ன்னுச்சு சுபி.

"நான் விரதம்."

"விரதத்துக்கு முங்கணும்ல? இதுவும் முங்குறது தான். மொகம் மட்டும்."

சேலையோட எறங்கக் கூடாதுன்னுட்டாரு மண்டல். சுபி அதோட சுடிதாரக் குடுத்துச்சு. பாவாட தாவணி, அப்புறம் சேல, இப்ப அம்பத்தி நாலு வயசுல சுடிதார். நான் போட்டு வெளிய வரவும் ரெஜினா விசில் அடிச்சுச்சு. ஒரு சாத்துச் சாத்தணும் போல இருந்துச்சு. சந்தோசமாவும் இருந்துச்சு.

ரப்பர் வளையத்த ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டுக் கவுந்து படுக்கணும். மண்டல் கயித்தப் புடிச்சு மாட்ட ஓட்டிட்டுப் போற மாதிரி இழுத்துட்டுப் போவாரு. வாயில குழாய வச்சதும் எனக்கு ஒரு பயம், முருகான்னு கூடச் சொல்ல முடியலயேன்னு. வாயால மூச்சு விடணும், பேசக் கூடாது. பெத்தவ, கட்டுனவுக, தம்பி, யாரும் என் வாய அடைக்க முடியல, இந்தக் குழா அடைச்சிருச்சு.

மொகத்த உள்ள வச்சேன்.

சத்தமே இல்ல. என் மூச்சுச் சத்தம் மட்டும், கொடத்துக்குள்ள காத்து போற மாதிரி. கீழ ஒரு ஊரே இருக்கு. பாறைக பூத்துக் கெடக்கு, மஞ்சளா, ஊதாவா, மூளை மாதிரி ஒண்ணு, கோழிக்கொண்டப் பூ மாதிரி ஒண்ணு. மீனுக கூட்டங்கூட்டமாப் போகுது, தேரோட்டம் பாக்கப் போற சனம் மாதிரி, அவசரமுமில்லாம நிக்கவும் செய்யாம. மஞ்சள்ல கருப்புக் கோடு போட்டது ஒண்ணு என் கண்ணாடிக்கு முன்னால வந்து நின்னு என்னையப் பாத்துச்சு. என்னத்தக் கண்டுச்சோ. ஒரு பெரிய சிப்பி, தலகாணி அளவு இருக்கும், வாயத் தொறந்துக்கிட்டுக் கெடந்துச்சு, உள்ள பூராம் நீலம். என் நெழல் மேல விழவும் மெல்ல மூடிக்கிருச்சு. யாரோ பிள்ளையத் தூங்க வச்சுக்கிட்டு இருக்கப்ப நாம போயிக் கதவத் தட்டுன மாதிரி எனக்குக் கூச்சமாப் போச்சு.

எம்புட்டு நேரம் மெதந்தேனோ. ஒடம்பே இல்லாத மாதிரி இருந்துச்சு. விரதத்துல வயிறு காத்தா இருக்குமே, அதுவும் தண்ணியும் சேந்து நான் ஒரு எல மாதிரிப் போயிக்கிட்டு இருந்தேன். மனசுக்குள்ள ஆறெழுத்தச் சொல்லிக்கிட்டே வந்தேன். பாதியில அதுவும் நின்னு போச்சு. நின்னதே தெரியல.

அப்பத்தான் ஒரு அலை. குழாய்க்குள்ள தண்ணி வந்து மடக்குன்னு முழுங்கிட்டேன்.

கரைக்கு வந்து இருமி முடிச்ச பொறகுதான் ஒறச்சுச்சு. உப்பு! விரதத்துல உப்பு ஆகாதே! "போச்சு, விரதம் முறிஞ்சு போச்சு"ன்னு மணல்ல உக்காந்துட்டேன்.

சுபி கண்ணாடிய நெத்திக்கு ஏத்திவிட்டுட்டுச் சொல்லுச்சு, "அயித்தே, செந்தூர்ல லட்சம் சனம் முங்குது. அம்புட்டுப் பேரு வாய்க்குள்ளயும் கடல் போகாதா? அப்ப ஒருத்தர் விரதமும் செல்லாதே."

"அது தெரியாமப் போறது."

"இது மட்டும் தெரிஞ்சா குடிச்சீங்க? ஊறுகாய்க்கா தொட்டுக்கிட்டீங்க?"

தஸ்லீமா, "எங்கள்லயும் அப்பிடித்தான் மாமி, நோம்புல மறந்து தண்ணி குடிச்சா முறியாது. அல்லாவே குடுத்தான்னு வச்சுக்குவோம்"னுச்சு.

முருகனே குடுத்ததா வச்சுக்கிட்டேன்.

ஐப்பசி 8, சனி

சும்மா மெதந்தோம். எழுத ஒண்ணுமில்ல, ஒடம்பெல்லாம் இன்னும் ஆடிக்கிட்டே இருக்கு, தரையில நின்னாலும்.

சாயந்தரம் சிக்னல் வந்துச்சு. சுபி என்னைய சுடிதார்ல எடுத்த போட்டோவ அவுகளுக்கு அனுப்பிருச்சு போல. அவுக போன்ல, "தெய்வானை எங்க? யாரு அந்தப் புதுப்பொண்ணு?"ன்னாக. வெக்கம் புடுங்கித் திங்கிது. "கிண்டலா?"ன்னு வச்சுட்டேன். விரதத்தப் பத்தி அவுகளும் கேக்கல, நானும் சொல்லல.

ஐப்பசி 9, ஞாயிறு

இன்னைக்கு ஒரு சண்ட.

மத்தியானம் கடல் ரொம்ப தூரம் உள்வாங்கிருச்சு. நாங்க நாலு பேரும் முட்டளவு தண்ணியில உக்காந்திருந்தோம், தொட்டியில உக்காந்த மாதிரி. தண்ணி கதகதன்னு இருக்கு. குட்டி மீனுக வந்து கால் வெரலக் கடிக்கிதுக. தஸ்லீமா என் கைக்கயித்தப் பாத்துட்டு, "என்ன நேர்ச்ச மாமி இது?"ன்னு கேட்டுச்சு. அதுக்குத் தெரியாதுல்ல.

நான் கரையப் பாத்தேன். சுபி தான் சொல்லுச்சு, "பிள்ள வரம்."

அப்புறம் தஸ்லீமா மெதுவா, "இப்ராகிம் நபியோட பீவிக்குக் கெழவியான பொறகு தான் மாமி பிள்ள பொறந்துச்சு. அவுகளே நம்பாமச் சிரிச்சாக"ன்னுச்சு. ரெஜினா ஒடனே நிமிந்து உக்காந்துக்கிட்டு, "எங்க வேதத்துலயும் உண்டும் ஆன்ட்டி. அதே ஆளுதான், நாங்க சாராள்னு சொல்லுவோம். பெறவு எலிசபெத்தும் உண்டும். வயசு தாண்டினப் பெறவு தான் ரெண்டு பேருக்கும் பிள்ள"ன்னுச்சு.

எனக்கு உள்ளங்காலுல இருந்து உச்சி வரைக்கும் சிலுத்துப் போச்சு. பாரு, எல்லாச் சாமியும் குடுத்திருக்கு! எங்கையோ தொலைவுல, ஊர் பேரு தெரியாத பொம்பளைகளுக்கெல்லாம் குடுத்திருக்கு. "பாத்தியா சுபி? வேலவனுக்குத் தெரியாததா?"ன்னேன்.

சுபிக்கு மொகம் செவந்துருச்சு. "ஏண்டி ரெண்டு பேரும் ஏத்தி விடுறீங்க? போன வருசம் இவுக மயங்கி விழுந்தப்ப நாடி கெடைக்காமத் தேடுனாங்க. உங்களுக்குத் தெரியுமா?"ன்னு கத்துச்சு. அதுக ரெண்டும் எந்திரிச்சு மெல்ல நடந்து போயிருச்சுக.

"எங்கிட்டக் கத்து. அதுககிட்ட எதுக்குக் கத்துற?"ன்னேன்.

"அயித்தே, நான் ஒண்ணு கேக்கவா? நான் பொறந்தப்பவே நீங்க நிறுத்தியிருக்கலாம்ல?"

அது ஒரு பழைய பேச்சு. ஒரு வருசம் சஷ்டி முடிச்சு நான் ஊருக்கு வந்த மாசம் தம்பி சம்சாரம் உண்டாச்சு. முருகன் கதவு மாத்தித் தட்டிட்டான்னு ஊரே சிரிச்சுச்சு. நானும் சிரிச்சேன். பேருகாலத்துக்கு நான் தான் கூட இருந்தேன், மொதக் குளி நான் தான் ஊத்துனேன். அந்தப் பேச்சு இந்தப் பிள்ள காதுல விழுந்து இம்புட்டு நாளா உள்ள கெடக்குன்னு எனக்குத் தெரியாது.

"சின்னப்பிள்ளையில உங்க வீட்டுக்கு வர்றப்பெல்லாம், உங்க சாமானத் தூக்கிட்டு வந்தவ மாதிரி இருக்கும் அயித்தே"ன்னுச்சு.

"கிறுக்கி"ன்னேன்.

"நாளைக்கு முடிச்சிருவீங்கள்ல?"

"சத்தியம் பண்ணியிருக்கேன்ல."

"செந்தூருக்குப் போகாம நீங்க இங்க ஏன் வந்தீங்கன்னு மாமாவுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்."

என்ன தெரியும்? ஒண்ணும் தெரியாது. பிள்ளைக்குத் தொணைக்கு வந்தேன். தொணைக்குத்தான் வந்தேன்.

துணிமணி எடுத்து வைக்கணும். நாளைக்குக் காலக் கப்பல்.

ஐப்பசி 10, திங்கள், காலை

கப்பல் இல்லையாம்.

எங்கயோ நடுக்கடல்ல புயல் சின்னமாம். இங்க ஒரு எல ஆடல, வெயில் அடிக்கிது, தூரத்துல மட்டும் வானம் சிலேட்டுப் பலக மாதிரி இருக்கு. ஆனா ஒரு கப்பலும் ஓடாது, யாரும் கடலுக்குள்ள போகக் கூடாது, கரையோரமா நிக்கலாம்னு சொல்லிட்டாக. மண்டல் கையக் கையப் பெசையிறாரு. நான் மூட்டையோட பாக்கு மரத்தடியில உக்காந்து அழுதேன். பிள்ளைக சுத்தி நின்னு சமாதானம் பண்ணுச்சுக. சுபி மட்டும் பக்கத்துல வரல. தள்ளி நின்னு என் மொகத்தையே பாத்துச்சு.

அழுதேன், பொய்யில்ல. ஆனா அழுகுறப்பவே நெஞ்சுக்குள்ள சன்னலத் தொறந்துவிட்ட மாதிரிக் காத்து வந்துச்சு. சன்னதி இல்ல, சம்ஹாரம் இல்ல, முடிச்ச கணக்கும் இல்ல. நானா சத்தியத்த மீறல. கப்பல் தானே வரல. அப்ப அடுத்த ஐப்பசிக்கும்

ஈரத்துணி அப்பிடியே கெடக்கு. காயப் போடணும்.

இன்னைக்குப் பாலும் இல்ல, பழமும் இல்ல, தண்ணி மட்டும். பசிக்கல.

அதே நாள், வெளக்கு வச்ச பொறகு

மெதுவா எழுதுறேன்.

மத்தியானம் பூராம் குடிசைக்குள்ள படுத்துக் கெடந்தேன். ஓலச் சந்து வழியா வெயில் பொட்டுப் பொட்டா விழுந்து ஆடுது, நான் இன்னும் தண்ணிக்கு அடியில கெடக்க மாதிரி. தூங்குனேனா முழிச்சேனா தெரியல. வெளிய கொட்டுச் சத்தம் கேட்டுச்சு. செந்தூர்ல கேக்குற மாதிரியே. எந்திரிச்சு வந்து பாத்தா, தஸ்லீமா பக்கெட்டக் கவுத்துப் போட்டு அடிச்சுக்கிட்டு இருக்கு.

கடக்கரையில மணலக் கூட்டிப் பெருக்கி வட்டம் போட்டிருக்குதுக. சுபி என் மஞ்சச் சேலையத் தார்ப்பாச்சிக் கட்டி, மண்டலோட தோணித் துடுப்பக் கையில வச்சுக்கிட்டு நிக்கிது. துடுப்பு நுனியில ஒரு செம்பருத்திப் பூ. அங்கிட்டு ரெஜினா, அந்த நீச்சல் கண்ணாடியும் குழாயும் மாட்டிக்கிட்டு, குழாய முன்னால தொங்க விட்டு, புஸ்ஸு புஸ்ஸுன்னு மூச்சு விடுது.

"என்னடி இது?"

"யானமொகம் ஆன்ட்டி. தும்பிக்க தெரியல்லியா?"

"அயித்தே, சாமிய நீங்க தேடிப் போக முடியல. அதான் சாமி இங்க வந்துருச்சு. பாத்து முடிச்சுக்கங்க"ன்னுச்சு சுபி.

எனக்குக் கோவம் வந்துருச்சு. "வெளையாட்டா? இது செல்லாது. குருக்கள் இல்ல, சன்னதி இல்ல, தொடப்பமும் துடுப்பும் வச்சுக்கிட்டு..."

"செல்லாட்டி நல்லது தான அயித்தே? சும்மா உக்காந்து பாருங்க. செல்லாததுக்கு எதுக்குப் பயப்படுறீங்க?"

உக்காந்தேன்.

ஆரம்பிச்சுதுக. ரெஜினா குடுகுடுன்னு ஓடிவந்து சுபியக் கும்புட்டுச்சு. எனக்குப் பொறுக்குமா? "ஏ, சூரன் கும்புடக் கூடாது! மூணு சுத்து சுத்தி வரணும், நெஞ்ச நிமித்தி, சாமியச் சட்ட பண்ணாம!"ன்னு கத்திட்டேன். அப்புறம் வாய் நிக்கல. யானமொகம் போயி சிங்கமொகம் வந்துச்சு, ரெஜினா கழுத்தச் சுத்தித் துண்டு. "பிடரியச் சிலுப்புடி!" அடுத்து சூரனோட சொந்த மொகம், கண்மையில மீச. வங்காளத்துச் சனம் கூடிருச்சு. மண்டல் சம்சாரம் குலவ விட்டுச்சு, எங்க குலவ மாதிரியே நாக்கச் சுழட்டி. கடைசில மாமரம். ரெஜினா முழங்கால் தண்ணியில போயி நின்னு ரெண்டு கையிலயும் ஓலயப் புடிச்சுக்கிட்டு ஆடுச்சு. தஸ்லீமா கொட்ட வெரசா அடிக்கிது. வானம் தூரத்துல கருக்கலாக் கெடக்கு, இங்க மட்டும் சூரியன் எறங்கி, கடல் செவப்பு, மணல் செவப்பு, சுபி மொகம் செவப்பு. துடுப்பத் தூக்குச்சு பாருங்க, எனக்குத் துடுப்புத் தெரியல. வேல் தான் தெரிஞ்சுச்சு.

சூரன் தண்ணியில விழுந்தான். விழுந்து, கொக்கரக்கோன்னு சேவலா எந்திரிச்சான். சனம் சிரிக்கிது, கை தட்டுது.

நான் எப்ப எந்திரிச்சேன், எப்பத் தண்ணிக்குள்ள போனேன், தெரியாது. சுபிக்கு முன்னால நிக்கிறேன். அது மூச்சு வாங்கிக்கிட்டு, துடுப்ப மணல்ல ஊண்டி, நாடகக்காரன் குரல்ல சொல்லுச்சு, "தெய்வானை! உன் விரதத்தில் யாம் மகிழ்ந்தோம்! என்ன வரம் வேண்டும், கேள்!"

எல்லாரும் சிரிச்சாக. நான் வாயத் தொறந்தேன்.

வழக்கமா வர்ற வார்த்த தான். தூக்கத்துல கேட்டாலும் வரும். முருகன் பேரச் சொன்னாலே பின்னாடியே வந்துரும். அது வரல. நின்னு பாத்தேன், தேடிப் பாத்தேன். உள்ள எங்கயும் இல்ல. அதுக்குப் பதிலா வேற ஒண்ணு வந்துச்சு.

"பசிக்குது"ன்னேன்.

சுபிக்குச் சிரிப்பு நின்னு போச்சு. "என்ன அயித்தே?"

"பசிக்குது ஆத்தா. ரொம்பப் பசிக்குது. நிக்க முடியல."

கொட்டுச் சத்தம் நின்னுருச்சு. ரெஜினா தலையில ஓலையோட ஓடியாந்து ஒரு பக்கம் புடிச்சுச்சு. சுபி துடுப்பப் போட்டுட்டு இன்னொரு பக்கம். "இருங்கடி, இன்னும் முங்கல"ன்னேன். மூக்கப் புடிச்சு முங்குனேன். கயித்த அவுக்க வரல, ஈரத்துல முடிச்சு இறுகிக்கிருச்சு, பல்லால கடிச்சு அவுத்தேன். சுபி காலு அங்கன தண்ணிக்குள்ள தெரியிது, நகத்துல செவப்புப் பூச்சு. அந்தக் கால்கிட்ட கயித்த விட்டேன். "ஐயோ அயித்தே, எங்காலுலயா!"ன்னு துள்ளுச்சு. "சும்மா நில்லுடி. நீ இப்ப நீயில்ல"ன்னேன். மஞ்சக் கயிறு கொஞ்ச நேரம் அதே எடத்துல சுத்திக்கிட்டுக் கெடந்துச்சு. அப்புறம் போயிருச்சு.

சொல்ல வேண்டியதச் சொன்னேன். வாய்விட்டுத்தான் சொன்னேன். அத இங்க எழுத வேண்டியதில்ல.

ஐப்பசி 11, செவ்வாய்

நல்ல தூக்கம். வெயில் மூஞ்சில அடிச்ச பொறகு தான் முழிச்சேன். கல்யாணமான நாள்ல இருந்து இப்பிடித் தூங்குனதில்ல.

கப்பல் மத்தியானம் போகுதாம். பிள்ளைக கடலுக்குள்ள கெடக்குதுக, கடைசியா ஒரு தடவன்னு. இங்கன இருந்து பாத்தா மூணு குழாய் மட்டும் தெரியிது. ஒரு குழாய் மட்டும் அப்பப்ப என் பக்கம் திரும்பிக் கையாட்டுது. என்னையும் கூப்புட்டுதுக. சோறு தின்ன வயிறு, கனமா இருக்கு, வந்தா முங்கிருவேன்னேன்.

அவுக போன் போட்டாக. பின்னால மில்லு ஓடுற சத்தம், யாரோட கேப்பையவோ அரைச்சுக்கிட்டு இருக்காக. கத்திக் கத்திப் பேசுனாக.

"கப்பல் இல்லாமப் போச்சாமே! தம்பி சொன்னாப்ல!"

"ஆமா."

"அப்ப கோயிலுக்குப் போகல!"

"போகல."

அப்புறம், கத்துறத விட்டுட்டு, மில்லுச் சத்தத்துக்குள்ள எனக்கு மட்டும் கேக்குற மாதிரிச் சொன்னாக, "சரி விடு. வருத்தப்படாத. அப்ப அடுத்த வருசம் செந்தூருக்கே போவோம். நான் கூட வர்றேன். அங்க வச்சு முறையா முடிச்சுக்கலாம். ஒரு வருசம் தான."

அந்த மனுசனுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு. சத்தியத்தையும் வாங்கிக்கிட்டு, அத மீறுறதுக்கு வழியையும் அவுகளே வெட்டிக் குடுக்காக.

"வேணாங்க. முடிச்சுட்டேன்"னேன்.

"எங்க வச்சு?"

"இங்கன தான். கடல்ல."

மில்லு ஓடிக்கிட்டே இருந்துச்சு.

"சாப்புட்டியா?"ன்னாக.

"சாப்புட்டேன்."

"என்ன சாப்புட்ட?"

நேத்து ராத்திரி மண்டல் சம்சாரம் புதுச் சட்டியில மீன் வாட படாமப் பொங்குன சோத்துல ஆரம்பிச்சேன். பருப்புல வெல்லம் போடுறாக இந்த ஊருல, பூசணிக்கா ஒரு பொரியலு, கடுகரைச்ச ஒரு தொவையலு மூக்குல ஏறிக் கண்ணுல தண்ணி வந்துருச்சு, ரெஜினா எடுத்து வச்சிருந்த நேந்திரங்கா வத்தலு, தஸ்லீமா வீட்டுத் தொதல் அல்வா, காலையில அவலும் தயிரும் வாழப்பழமும், மறுக்கா கொஞ்சம் அவலு... "இருஇரு"ன்னாக. பொத்துன்னு ஒரு சத்தம். பெல்ட்டு சுத்துறது கொறஞ்சு கொறஞ்சு வந்து அடங்கிருச்சு. மில்ல நிறுத்திட்டாக.

"ம். இப்பச் சொல்லு. மொதல்ல இருந்து."